வியர்வையில் இளகிய கிரீடம்: கடதாசிக் கூத்துப் பொருட்களை உறுதிப்படுத்திய அனுபவம்

மாரி மழையின் ஈரம் நிலத்தை விட்டு இறங்கிய பிறகு, மாசி மாத நடுப்பகுதியில், எங்கள் சனசமூக நிலையத்தின் பின்னறையில் இருந்த கூத்துப் பெட்டியைத் திறந்தோம். அதற்கு முந்திய வைகாசியில், கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும் கோவலன் கூத்து ஆடி முடித்ததும், கடதாசியாலும் காட்போட்டாலும் நான் செய்திருந்த கிரீடம், தோளில் அணியும் புஜகீர்த்திகள், மார்புப் பதக்கம், வாள் ஆகியவற்றைப் பொலித்தீனால் சுற்றி அந்தத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பாண்டியனின் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்து, உட்புறம் முழுவதும் கரும்பூஞ்சணம் படிந்து கிடந்தது. புஜகீர்த்திகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தபோது ஒன்றின் பொன்வண்ணம் மற்றதின் மேல் உரிந்து வந்தது. மார்புப் பதக்கத்தின் விளிம்பை இராமபாணப் பூச்சிகள் அரித்திருந்தன. வாளின் கைப்பிடியோ ஆட்டத்தின் நடுவிலேயே முறிந்து, அன்றிரவே நூலால் சுற்றிக் கட்டப்பட்டது.

முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்துக்கு உள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு கிரீடம் சரிந்துபோவது எங்களுக்கு ஏன் சிறிய விடயமன்று என்பது விளங்கும். எங்கள் ஊரில் முன்பு இருந்த முடிகளும் ஆபரணங்களும் பல தலைமுறைக் கைகள் சேர்ந்து செய்தவை. 2009 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் அவற்றை எடுத்துச் செல்ல எவராலும் முடியவில்லை. மீள்குடியேறிய பிறகு மரமும் உலோகமும் வாங்கப் பணமில்லாததால் கடதாசியில் தொடங்கினோம். பணம் ஓரளவு சேர்ந்த பிறகும் நான் கடதாசியை விடவில்லை. காரணம் பாரம். "முடி பாரமாயிருந்தால் ஆட்டக்காரனுக்குக் கழுத்திலதான் நினைவு நிக்கும் தம்பி, தாளத்தில நிக்காது" என்று எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்வார். ஆகவே கடதாசியின் இலேசை இழக்காமல் அதைப் பத்து ஆண்டுகளாவது நிலைக்கச் செய்வது எப்படி என்பதே இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட வேலை.

பழுதானதைத் திருத்துவதற்கு முன்னர் அது ஏன் பழுதானது என்று பார்க்க வேண்டும் என்பதால், கிரீடத்தை இரும்பறுக்கும் வாள் அலகால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்தேன். மனம் ஒப்பவில்லைதான், ஆனால் அந்த வெட்டுமுகம் கற்றுத் தந்ததை வேறு எதுவும் கற்றுத் தந்திருக்காது. வார்னிஷ் பூசிய வெளிப்பக்கத்து மூன்று படைகள் மரப்பட்டைபோல இறுகியிருக்க, உட்பக்கத்துப் படைகள் பழைய புத்தகத்தின் தாள்களைப்போல ஒன்றிலிருந்து ஒன்று கழன்று நின்றன. அவற்றுக்கிடையே ஓடிய கட்டுக்கம்பி துருப்பிடித்து, கடதாசியில் செம்மண் நிறக் கறையை விட்டிருந்தது.

அந்த வெட்டுமுகத்தில் என்னுடைய மூன்று தவறுகள் தெரிந்தன. வெளிப்பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, தலையைத் தொடும் உட்பக்கத்தை வெறும் கடதாசியாகவே விட்டது முதலாவது. வைகாசி இரவில் நான்கு மணிநேரம் ஆடுகின்றவனின் தலையிலிருந்து இறங்கும் வியர்வை முழுவதையும் அந்த உட்பக்கம் குடித்தது. குடித்த நீர் வெளியேற வழியின்றி வார்னிஷ் தடுத்தது. இரண்டாவது, படைகள் உலர்ந்துவிட்டன என்று கையால் தொட்டுப் பார்த்து நம்பியது. மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் நடுப்படைகளில் ஈரம் நிற்கும். அதன்மேல் வார்னிஷ் பூசினால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். மூன்றாவது, பூச்சி அரிக்காதிருக்க மாப்பசையில் மயில்துத்தம் கலந்தது. துரிசு என்றும் அழைக்கப்படும் இந்த நீலப்பொருளைப் புத்தகம் கட்டுவோர் பசையில் சேர்ப்பது பழைய வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அது செப்பின் உப்பு. ஈரமாக இருக்கும்போது இரும்பைத் தொட்டால் செம்பு வெளியே படிய இரும்பு கரையும். எனவே அந்தப் பசைக்குள் இரும்புக் கம்பியை வைத்தது, கம்பியை நானே அரிக்கக் கொடுத்தது போலாயிற்று. மேலும் அது நஞ்சு. வியர்வையில் கரைந்து நெற்றியில் இறங்கக்கூடிய இடத்தில் அதை வைத்திருந்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் வருந்துகிறேன். உடலில் படும் எந்தப் பொருளுக்கும் இனி அதைப் பயன்படுத்துவதில்லை. வேறு தேவைக்குக் கரைப்பவர்களும் அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. அது பாத்திரத்தையும் அரிக்கும். பிளாத்திக்கு வாளியோ மட்பாத்திரமோ போதும். பிறகு அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

புதிதாகச் செய்வதற்கு முன்னர், எதை எதன்மேல் பூசுவது என்பதை ஊகத்துக்கு விடாமல், உள்ளங்கை அளவில் ஆறு மாதிரித் துண்டுகள் செய்தேன். எல்லாம் ஒரே காட்போட், ஒரே ஆறு படைக் கடதாசி. முதல் துண்டில் மாப்பசை மட்டும். இரண்டாவதில் மேலே தச்சுவேலைக்குரிய வெள்ளைப் பசை இரு பூச்சு. மூன்றாவதில் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன். நான்காவதில் ஒரு முகத்துக்கு மட்டும் எண்ணெய் வார்னிஷ். ஐந்தாவதில் இரு முகங்களுக்கும் வார்னிஷ், ஆனால் வெட்டு விளிம்பு திறந்தபடி. ஆறாவதில் இரு முகங்களும் விளிம்பும் சேர்த்து வார்னிஷ். இவற்றை உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி ஓர் இரவு முழுவதும் வைத்தேன். மழைக்குப் பதிலாக வியர்வையைத்தான் நான் அஞ்சினேன் என்பதால், நீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியில் வைத்துச் சோதித்தேன்.

காலையில் முதல் துண்டு கஞ்சியாகக் குழைந்திருந்தது. வெள்ளைப் பசை பூசியது பால்நிறமாக மாறி, நகத்தால் தோல்போல உரிந்தது. எமல்ஷன் பூசியது வளைந்து கொடுத்தாலும் பிரியவில்லை. ஒரு முகத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசியது ஓட்டுத் துண்டுபோல வளைந்துவிட்டது. ஈரம் குடித்த முகம் விரிய, மற்றைய முகம் விரிய மறுத்ததே அதற்குக் காரணம். நான் மிகவும் நம்பியிருந்த ஐந்தாவது துண்டுதான் எனக்குப் பெரிய பாடம்: முகங்கள் இரண்டும் பளபளப்பாக இருக்க, திறந்த விளிம்பு வழியாக நீர் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே ஊறி, அந்த ஓரம் முழுவதும் புடைத்து நின்றது. ஆறாவது துண்டைத் துடைத்து மேசையில் தட்டியபோது மரச்சில்லுபோல ஓசை கேட்டது.

வெள்ளைப் பசையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உலர்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிந்து மினுங்குவதால் பலர் அதையே இறுதிப் பூச்சாக விடுகிறார்கள். புஜகீர்த்திகளில் நானும் அப்படித்தான் விட்டேன். அதன் படலம் 30, 40 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வன்னியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழுள்ள அறையும், அதற்குள் இருக்கும் தகரப் பெட்டியும் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். புஜகீர்த்திகள் ஒன்றோடொன்று ஒட்டியதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. வெள்ளைப் பசை கடதாசிக்குள் ஊறி நின்று நாரோடு நாரைப் பிணைப்பதற்கு மிக நல்லது. வெளித்தோலாக நிற்பதற்கு அது உகந்ததன்று.

பங்குனியில் புதிய கிரீடத்தைத் தொடங்கினேன். கம்பிக்குப் பதிலாக, குளக்கரைக் காட்டில் வெட்டி உலர்த்திய மெல்லிய பிரம்பை மூன்று வளையங்களாக வளைத்து, அவற்றை நெடுக்காக ஆறு கமுகஞ்சிலாகைகளால் (கமுக மரத்தில் சீவிய மெல்லிய கீற்றுகளால்) இணைத்து நூலால் கட்டினேன். அந்தக் கூட்டின்மேல் காட்போட்டைப் போர்த்தும்போது அதன் உள்ளே இருக்கும் அலைவரிகள் செங்குத்தாக நிற்குமாறு வெட்டினேன். வரிகள் ஓடும் திசையில் காட்போட் எளிதில் மடியாது, குறுக்கே மிக எளிதில் மடியும்.

கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். பத்திரிகைத் தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகக் கிழியும். நேராகக் கிழியும் திசையே நார் ஓடும் திசை. முதற்படையில் நார் மேலிருந்து கீழாக ஓடினால் அடுத்ததில் குறுக்காக ஓட வேண்டும். கிழித்த ஓரம் மெலிந்து முடிவதால் பக்கத்துத் துண்டுடன் திட்டுத் தெரியாமல் கலக்கும். பத்திரிகைத் தாளையும் மண்ணிறச் சீமெந்துப் பைக் கடதாசியையும் மாறி மாறி ஒட்டினேன். சீமெந்துப் பையின் நார் நீளமானது, கிழிப்பதே கடினம். அதோடு நிறம் மாறுவதால் ஒரு படை எங்கே விடுபட்டது என்பது உடனே கண்ணுக்குத் தெரியும். பையைப் பயன்படுத்துமுன் ஈரத்துணியால் துடைத்துச் சீமெந்துத் தூளை முற்றாக நீக்க வேண்டும். இப்போது நெய்த பிளாத்திக்குப் பைகளே பெரும்பாலும் கிடைப்பதால், கட்டட வேலை நடக்கும் இடங்களில் சொல்லிவைத்துத்தான் கடதாசிப் பைகளைச் சேர்க்க முடிந்தது.

பசைக்கு ஒரு கோப்பைக் கோதுமை மாவைக் குளிர்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கோப்பை நீரில் ஊற்றி, பால்நிறம் மாறிக் கண்ணாடித் தன்மை வரும்வரை துழாவினேன். மாப்பொருள் 60 பாகையைத் தாண்டும்போதுதான் நீரை உறிஞ்சிப் பருத்து ஒட்டும் தன்மை பெறுகிறது என்பதால், காய்ச்சாத மாக்கரைசல் இதற்கு ஈடாகாது. ஆறிய பிறகு அதே அளவு வெள்ளைப் பசையைக் கலந்தேன். மாப்பசை மட்டும் என்றால் பூச்சிக்கும் எலிக்கும் உணவு. வெள்ளைப் பசை மட்டும் என்றால் செலவு அதிகம், கைவேகத்துக்கு முன் காய்ந்தும் விடும். தலையில் படும் உட்பக்கப் படைகளுக்கு மட்டும் வெள்ளைப் பசையைத் தனியாகவே பயன்படுத்தினேன்.

ஒரே நாளில் மூன்று படைகளுக்கு மேல் ஒட்டவில்லை. வெளியே மூன்று ஒட்டினால் உள்ளேயும் மூன்று. இரு பக்கமும் ஒரே அளவில் இழுத்தால்தான் உலரும்போது கோணாது. வெயிலில் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். வெயில் பட்ட முகம் முதலில் சுருங்கி முழு உருவத்தையும் தன் பக்கம் இழுத்துவிடும். வேப்பமர நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையைத் தொடாமல் கயிற்றில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் திருப்பினேன்.

உலர்ந்ததா என்பதை இம்முறை கையை நம்பாமல் தராசை நம்பினேன். பக்கத்துக் கடையின் மின்தராசில் ஒவ்வொரு மாலையும் கிரீடத்தை நிறுத்தேன். முதற் சுற்றுப் படைகள் ஒட்டிய மாலை 610 கிராம்; மறுநாள் 524; மூன்றாம் நாள் 490; நான்காம் நாள் 484; ஐந்தாம் நாளும் 484. தொட்டால் உலர்ந்ததுபோலத் தோன்றியது இரண்டாம் நாளிலேயே. ஆனால் அப்போதும் 40 கிராம் நீர் உள்ளே இருந்தது. ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கக்கூடிய நீர்தான் அது. அந்த நீரைத்தான் கடந்த ஆண்டு வார்னிஷுக்குள் அடைத்து வைத்தேன். இரண்டு மாலைகள் ஒரே நிறை காட்டிய பின்னரே அடுத்த படைகளுக்கும், இறுதியில் பூச்சுக்கும் போனேன்.

விளிம்புகளுக்குப் பழைய வேட்டித் துணியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, வெள்ளைப் பசையில் நனைத்து, உள்ளும் புறமும் மடிந்து பிடிக்குமாறு ஒட்டினேன். கையில் எடுப்பது, கீழே வைப்பது, தட்டுப்படுவது எல்லாம் விளிம்பில்தான் நடப்பதால், முதலில் பிரிவதும் அதுதான். நெற்றியைத் தொடும் வளையத்தின் உள்ளே துணியை இரட்டையாக ஒட்டினேன். அதற்கும் மேலே, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்திப் பட்டி ஒன்றைத் தைத்து முடிச்சிட்டு வைத்தேன். வியர்வையை முதலில் வாங்குவது அந்தப் பட்டியே.

பள்ளங்களை மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து நிரப்பி, 120 இலக்க சான்ட் பேப்பராலும் பின்னர் 220 இலக்கத்தாலும் தேய்த்தேன். அதன்பின் நீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு பூச்சு, எமல்ஷன் இரண்டு பூச்சு, அதன்மேல் பொன்வண்ணம். பொன்தூள் என்று கடையில் விற்பது பெரும்பாலும் பித்தளைத் தூளே. வியர்வைக் கை பட்டால் கறுக்கும். எனவே அதன்மேல் வார்னிஷ் கட்டாயம்.

வார்னிஷின் முதற்பூச்சுக்கு நான்கில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து இளக்கினேன்; இளகியது கடதாசிக்குள் ஊறிப் பிடிக்கும். அடுத்த இரண்டு பூச்சுகளை மெல்லியதாக, ஒரு நாள் இடைவெளி விட்டு, இடையில் இலேசாகத் தேய்த்துப் பூசினேன். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பிசுபிசுப்பு நிற்கும். கிரீடத்தின் உட்புறம், சிலாகை தெரியும் இடுக்கு, கயிறு கட்டும் துளையின் சுவர் உட்பட எதையும் விடவில்லை. துளையைப் பூச்சுக்கு முன்னரே போட வேண்டும். பூசிய பிறகு துளைத்தால், மூடிய வீட்டில் கதவு திறந்ததாகிவிடும். சோழகக் காற்று எழுந்தால் புழுதி வந்து ஒட்டும் என்பதால், பனி விலகிய பின் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வேலையை முடித்தேன். வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்கக் கூடாது. எண்ணெய் உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்டுப் பின்னர் அகற்றினேன்.

வாளின் பிரச்சினை ஈரமன்று. பழைய வாளில் உட்கம்பு அலகோடு நின்றுவிட, கைப்பிடியைத் தனியாகச் செய்து ஒட்டியிருந்தேன். விறைப்பான பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் அந்த ஒரே கோட்டில் வீச்சின் விசை முழுவதும் குவிந்ததால் அங்கேயே முறிந்தது. புதிய வாளுக்கு நுனியிலிருந்து பிடியின் அடிவரை ஒரே கமுகஞ்சிலாகையை ஓடவிட்டு, இரு பக்கமும் காட்போட்டை அணைத்து, பிடியும் அலகும் சேரும் இடத்தில் துணியைச் சாய்வாகச் சுற்றினேன்.

முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு திருத்தும் நண்பர் ஒருவர், ரெசினை ஊற்றினால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். ஒரு பழைய புஜகீர்த்தியில் செய்து பார்த்தோம். உறுதி வந்தது உண்மை; பாரமும் வந்தது, கீழே விழுந்தபோது ஓரம் கூராக உடைந்தது, மூச்சை அடைக்கும் மணமும் நாள்கணக்கில் நின்றது. பிள்ளைகள் கூடும் இடத்தில் அந்த வேலையைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. உள்ளே ரெஜிபோம் என்னும் இலேசான வெள்ளை நுரைப்பொருளை வைத்துச் செய்தவர்கள் ரெசினையோ ஸ்பிரே பெயின்ற்றையோ நேரடியாகப் பூசினால், ரெஜிபோம் கரைந்து குழிவிழும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு உறுதிக்கும் நடுவில், உடைய வேண்டிய பொருள் ஒன்றும் இருந்தது. பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை எறிந்து உடைக்கும்போது மாணிக்கப் பரல்கள் சிதற வேண்டும். கடந்த ஆண்டு எல்லாவற்றோடும் சேர்த்துச் சிலம்புக்கும் வெள்ளைப் பசையும் வார்னிஷும் பூசிவிட்டேன். கண்ணகியாக ஆடிய பிள்ளை மூன்று தடவை எறிந்தும் அது துள்ளி உருண்டதே தவிர உடையவில்லை. கடைசியில் கையால் பிய்க்க வேண்டியிருந்தது. கூத்தின் உச்சியே அந்த ஒரு கணம். அதை என் பூச்சு கெடுத்ததை நான் மறக்கவில்லை.

ஆகவே சிலம்பை மற்றவற்றுக்கு நேர்மாறாகச் செய்தேன். காற்றடித்த சைக்கிள் ரியூப்பின்மேல் எண்ணெய் தடவி, பத்திரிகைத் தாளை மாப்பசையால் மட்டும் இரண்டே படைகளாக ஒட்டினேன்; நார் எல்லாப் படையிலும் ஒரே திசை. உலர்ந்ததும் வளையத்தை நெடுக்காக இரண்டு ஓடுகளாகப் பிளந்து எடுத்து, உட்புறத்தில் பிளேட்டால் ஆறு இடங்களில் அரைவாசி ஆழம் கீறி, செந்நிற மஞ்சாடி விதைகளை நிரப்பி, மெல்லிய ரிஷுக் கடதாசியால் மட்டும் பொருத்தினேன். மேலே நீர்வண்ணம், வார்னிஷ் இல்லை. ஆட்டத்தன்று காலைவரை அதை அரிசி நிரப்பிய டப்பாவுக்குள் மூடி வைத்தேன், ஏனெனில் ஈரம் குடித்த கடதாசி துவளும், உலர்ந்த கடதாசியே நொறுங்கும்.

வைகாசியில் கூத்து விடியும்வரை நடந்தது. மதுரை எரியும் கட்டத்தில் தீப்பந்தம் வருவதால், வார்னிஷ் பூசிய பொருட்கள் அனைத்தையும் அதற்கு முன்னரே கூத்து ஆடும் களரியின் மறுபக்கத்துக்கு எடுத்துவிட்டோம். நீர் வாளி ஒன்றும் மணல் வாளி ஒன்றும் அருகில் இருந்தன. சிலம்பு முதல் எறியிலேயே ஐந்து துண்டாகச் சிதறியது. முன்வரிசைப் பிள்ளைகள் மறுநாள் காலையிலும் மணலில் மஞ்சாடி விதை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் கிரீடத்தின் பட்டியைக் கழற்றிப் பிழிந்தேன், நீர் சொட்டியது. கிரீடத்தை அதே தராசில் நிறுத்தேன்: பட்டியில்லாமல், ஆட்டத்துக்கு முன்னிருந்ததைவிட 3 கிராம்தான் கூடியிருந்தது.

இப்போது அவை பொலித்தீனில் இல்லை. கிரீடத்தையும் ஆபரணங்களையும் இரண்டு வாரம் அறைக்காற்றில் வைத்த பிறகு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, இடையில் உலர்ந்த வேப்பிலை வைத்து, கறையான் ஏறாதபடி நான்கு செங்கற்களின்மேல் நிறுத்திய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வாளின் நுனியில் வார்னிஷ் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. ஐப்பசி மழை தொடங்குமுன் அதற்கு ஒரு பூச்சு போட வேண்டும். அடுத்த ஆண்டுக்குச் சிலம்பு மூன்று செய்ய வேண்டும், இரண்டு ஒத்திகைக்கு.